சிவப்புத் துணி கட்டிய கேம் ஷாப்ட்

மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் தம்பி இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் தடவை நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை ஒரு நோட்டையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போனார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்துப் பிழை இருந்தால் சங்கத்தார் திருத்திக்கொள்ள வேண்டும்.

அவர் போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "அந்தப் பந்தயக் கார் கதைய எழுதுங்கம்மா. நாலு கேம் ஷாப்ட்டயும் கண்ண மூடிக்கிட்டுத் தடவியே, எது எதோடதுன்னு சொன்னீங்களாமே. இப்ப உள்ள பசங்க கம்ப்யூட்டர்ல வண்டி நம்பரத் தட்டுறானுங்க, சாமான் பெட்டியில வந்து எறங்குது. அவனுங்களுக்குத் தெரியணும்."

இந்தக் கதை என் காதுக்கு வருவது முதல் தடவை இல்லை. இத்தனை வருடமாக யார் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். நான் தடவிச் சொல்லவில்லை. நடந்தது வேறு. அதில் புகழப்பட வேண்டியவள் நான் இல்லை என்பதை நானே எழுதிவிடுவது நல்லது என்றுதான் நோட்டை எடுத்தேன்.

எங்கள் ஊர் கோட்டுச்சேரி, முன்னால் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட கடலோரம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை. என் அண்ணன், தருமபுரம் போகிற சாலையில் இருந்த சிங்காரவேலு மேஸ்திரியின் பட்டறையில் லேத்து ஓட்டினார். அவர் மூச்சுக் கோளாறில் படுத்த பிறகு மேஸ்திரி என்னைச் சாமான் கழுவும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். எழுபதுகளின் தொடக்கம் அது. சாயந்திரம் பஸ்ஸில் ஏறினால் என் மேல் அடிக்கிற மண்ணெண்ணெய் வாடைக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

கழற்றிய எஞ்சினின் சாமான்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, எண்ணெய் தடவி, எதோடு எது என்று சேர்த்து வைப்பதுதான் வேலை. எங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு, எண்ணெய் தடவாத இரும்பு மறுநாள் காலையில் துரு ஏறிச் சிவந்திருக்கும். எண்ணெய் தடவிய சாமானில் பேப்பர்ச் சீட்டு கட்டினால் ஊறி எழுத்து அழிந்துவிடும். அதனால் துணிதான் கட்டுவேன். திரும்ப வண்டியில் ஏற வேண்டியதற்குச் சிவப்புத் துணி, ஏறக் கூடாததற்கு வெள்ளைத் துணி. மூன்று சுற்று சுற்றி, மிச்சம் தொங்காதபடி அளவாகக் கிழித்து, ஒரு முடிச்சு. எங்கள் அம்மா ஆட்டுக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சு அது. பட்டறையில் வேறு யாருக்கும் அது வராது.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறைக்கு முதலாளியும் அவர்தான், பெரிய மெக்கானிக்கும் அவர்தான். ஒல்லியான ஆள். காக்கி டவுசர், வெள்ளைப் பனியன். அளக்கிற சாமானைத் தொடுவதற்கு முன்னால் சீயக்காய்த் தூள் போட்டுக் கை கழுவுவார். அவர் அளக்கும்போது யாரும் பேசக் கூடாது. மைக்ரோமீட்டரைத் திருகி, அது மூன்று தடவை கிர்ரென்று நழுவும் வரை காது கொடுத்துக் கேட்பார். அதற்கு மேல் ஒரு திருகு திருகமாட்டார். பிறகு அளவைச் சொல்லி, "எழுது" என்பார். நான் சிலேட்டில் எழுதுவேன். உடனே அதே இடத்தை இன்னொரு தடவை அளப்பார். இரண்டும் ஒன்றாக வந்தால் அடுத்த இடம். வராவிட்டால் "மறுபடி." அவ்வளவுதான் அவர் பேச்சு. கோபம் வந்தால் கத்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றிப் பனியன் நுனியால் துடைப்பார். துடைக்கிற நேரம் நீண்டால் கோபம் பெரியது என்று அர்த்தம்.

நான்கு வருடம் இப்படிச் சிலேட்டு பிடித்தேன். ஒருநாள் மைக்ரோமீட்டரை என் பக்கம் நீட்டி, "கண்ணு மங்குது. நீ பாரு" என்றார். நான் பார்த்துச் சொன்னேன். அவர் சிலேட்டை எடுத்துக்கொண்டார். நான் தொழில் படித்தது இவ்வளவுதான். ஒரு ஸ்டூலும் கிடைத்தது. அதுவரை தரையில் உட்கார்ந்துதான் வேலை.

பட்டறையில் எனக்கு முன்பே சேர்ந்திருந்தவர் அப்துல் காதர். காதர் பாய் என்போம். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். கப்பலோட்டிய குடும்பம், அவர் மட்டும் எஞ்சினுக்கு வந்துவிட்டார். பக்கத்துக் குரும்பகரத்து டிராக்டர்கள், பம்புசெட்டுகள், லாரிகள் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். அவர் வாய் ஓயாது. நான் பேச மாட்டேன். அதனால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

எழுபதுகளின் கடைசியில் அவர் வளைகுடாவுக்குப் போக முயன்றுகொண்டிருந்தார். பெரிய எஞ்சின் மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுக்க ஏஜெண்ட் வந்திருந்தார். பத்து வருடம் எஞ்சின் வேலை பார்த்தவர் என்று பட்டறை முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று மட்டும் வேண்டும். மேஸ்திரி, "தீவாளிக்கு முன்னாடி தர்றேன்" என்று சொல்லியிருந்தார். காதர் பாயின் உம்மாவுக்கு அதற்குள்ளேயே மகன் அனுப்பப்போகிற பணத்தில் ஓட்டு வீட்டை இடித்துக் கட்டியாகிவிட்டது, மனசுக்குள்.

அப்போதுதான் முசேயின் கார் வந்தது. முசே என்பது பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பேர் வேறு, முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, ஊரில் எல்லாருக்கும் அவர் முசேதான். கார் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியது, தாழ்வாக, மூக்கு நீண்டு இருக்கும். சைகோனில் ஒரு ரப்பர்த் தோட்டத் துரை பந்தயத்தில் ஓட்டிய வண்டி. அவரிடம் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தாராம். பிஸ்டன் தேய்ந்து நீலப்புகை தள்ளியபடி பட்டறைக்குள் வந்து நின்றது.

காதர் பாய் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாமியார ஏத்த எடமே இல்ல. முசே வெவரமாத்தான் வாங்கியிருக்காரு" என்றார். முசே சிரித்தார். அவர் மாமியார் செத்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

வண்டியோடு ஒரு மரப்பெட்டியும் வந்தது. அதற்குள் இரண்டு கேம் ஷாப்ட். "இது பந்தயத்துக்குப் போடுறது. இப்ப வேணாம். கழுவி எண்ணெ போட்டு வைங்க. மெர்சி, மதாம்" என்று என்னிடம் கொடுத்தார். மெர்சி என்றால் நன்றி, மதாம் என்றால் அம்மணி. என்னை மதாம் என்று கூப்பிட்டவர் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான். காதர் பாய் அன்று முழுக்க, "மதாம், பதினாலாம் நம்பர் ஸ்பேனர் குடுங்க மதாம்" என்று கேலி செய்துகொண்டிருந்தார்.

மலரை வீட்டுப் பெண்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். கேம் ஷாப்ட் என்பது ஒரு நீளத் தண்டு. அதில் வரிசையாக முட்டை வடிவத்தில் புடைப்புகள் இருக்கும். தண்டு சுழலும்போது முட்டையின் கூர்ப்பக்கம் வால்வைத் தள்ளித் திறக்கும். லாரிக்கு இப்படி ஒரு தண்டு. இந்த வண்டிக்குத் தலையில் இரண்டு: காற்றை உள்ளே விடும் வால்வுகளுக்கு ஒன்று, புகையை வெளியே விடும் வால்வுகளுக்கு ஒன்று. புகைத் தண்டின் கடைசியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அதனால் காற்றுக்கு எது, புகைக்கு எது என்று யாருக்கும் தெரியும். ஆனால் வண்டியில் ஓடிக்கொண்டிருந்த ஜோடி எது, பந்தய ஜோடி எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நீளம் ஒன்று, கனம் ஒன்று. எண் எதுவும் வெட்டியிருக்கவில்லை.

புதிய பிஸ்டன்கள் வந்தபோது மேஸ்திரி அவற்றின் தலையைத் தடவிப் பார்த்தார். வால்வு இறங்கி வருவதற்காக வெட்டிய குழி பழையதைவிட ஆழம் குறைவாக இருந்தது. "பெட்டியில உள்ளது இதுல ஏறக் கூடாது. வால்வ அதிகமாத் தள்ளும். பிஸ்டன்ல இடிக்கும்" என்றார். காதர் பாய் எஞ்சினிலிருந்து கழற்றிய இரண்டையும் என்னிடம் தந்தார். நான் கழுவி, தண்டின் முதல் முட்டையைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டினேன். பெட்டியில் இருந்த இரண்டுக்கும் வெள்ளை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இடையில் ஆயுத பூசை வந்தது.

பூசைக்கு முதல் நாள் பட்டறையில் ஒரு இரும்பு பாக்கியில்லாமல் கழுவுவேன். ஸ்பேனர், சுத்தியல், பாதி பிரித்த எஞ்சினின் சாமான் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் சாக்கு விரித்து வரிசையாக வைக்க வேண்டும். எண்ணெய்த் துணியோடு வைத்தால் சந்தனம் ஒட்டாது. அதனால் துணிகளை அவிழ்த்து, அவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப் போட்டேன். நான்கு ஷாப்ட்டையும் பக்கம் பக்கமாக வைத்தேன். வலது கைப்பக்கம் வண்டியோடது இரண்டு. இடது கைப்பக்கம் பெட்டியோடது இரண்டு. பல்சக்கரம் உள்ளவை நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வருகிற மாதிரி வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

பூசை நேரத்தில் நானும் காதர் பாயும் உள்ளே இருப்பதில்லை. நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, அவர் முஸ்லிம். யாரும் போகச் சொன்னதில்லை, நாங்களாகப் போய்விடுவோம். பொரியும் சுண்டலும் எங்கள் பங்கு தனியாகப் பொட்டலம் கட்டி இருக்கும்.

விஜயதசமி கழித்து வந்து எல்லாவற்றையும் எடுத்தேன். சந்தனத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி, வலது கைப்பக்கம் இருந்த இரண்டுக்குச் சிவப்பைக் கட்டினேன். ஒன்றில் மூன்று சுற்று சுற்றிய பிறகு துணியின் வால் ஒரு விரல் நகம் அளவுக்கு நீண்டு நின்றது. தொங்குகிறதே என்று கத்தரியால் வெட்டிவிட்டேன். இடது பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி முடிச்சுக்கே எட்டவில்லை. இழுத்துப் பிடித்துக் கட்டினேன். துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரே தொட்டியில் துவைத்த துணி ஒன்று நீளுமா, ஒன்று சுருங்குமா என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாரமே காதர் பாய் எஞ்சின் கட்டினார். சிவப்பு இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அளந்து தரட்டுங்களா பாய்?" என்று கேட்டேன். மாட்டுவதற்கு முன்னால் அளப்பது பட்டறைச் சட்டம்.

"நீங்க செவப்பு கட்டிட்டீங்க. அதுக்கு மேல என்னா அளவு?" என்று பிளேடால் துணியை அறுத்துவிட்டு மாட்டினார்.

அவர் அப்படிச் சொன்னது எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

எஞ்சின் ஓடியது. ஆனால் சும்மா நிற்கும்போது விட்டு விட்டுத் துடித்தது. காதர் பாய் இரண்டு நாள் கார்புரேட்டரை நோண்டினார். பிறகு முசேயைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கோட்டுச்சேரி சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனார். முசே, "அமுக்கு, அமுக்கு" என்றிருக்கிறார். இவர் அமுக்கியிருக்கிறார். உள்ளே இருந்து யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி சத்தம் வந்து, வண்டி நின்றுவிட்டது. டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்கள். முசே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது யாரையும் பார்க்கவில்லை.

எஞ்சின் தலையைக் கழற்றினால், புகை வால்வு நான்கும் வளைந்திருந்தன. பிஸ்டன்களில் பிறை மாதிரித் தடம்.

மேஸ்திரி கேட்டார், "எதப் போட்ட?"

காதர் பாய் சாமான் அறைக்குப் போய் மற்ற இரண்டு ஷாப்ட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். அவற்றில் துணி இல்லை. "மாட்டுறப்ப நாலையும் துணிய அவுத்து பெஞ்சுல போட்டுப் பாத்தேன் மேஸ்திரி. கலந்துடிச்சு போலருக்கு. என் தப்புதான்" என்றார்.

"அளந்தியா?"

"இல்ல."

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அளக்காம மாட்டுறவன மெக்கானிக்குன்னு எழுதி நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் கொடுத்தது இரண்டுதான், நான்கு இல்லை. ஆனால், நான் போன பிறகு மற்ற இரண்டையும் அவரே எடுத்திருப்பார் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். நீண்டு நின்ற வால் ஞாபகம் வந்தது. அதைத் தள்ளி வைத்தேன்.

இப்போது நான்கில் எது வண்டியோடது என்று கண்டுபிடித்தாக வேண்டும். மேஸ்திரி கை கழுவிவிட்டு வந்தார். லாரி ஷாப்ட்டை எப்படிப் பார்ப்போமோ அப்படி, முட்டையின் கூரிலிருந்து அடிவரை உயரத்தை அளந்தோம். நான் பார்த்துச் சொல்ல, அவர் எழுதினார். இரண்டு ஷாப்ட்டில் முப்பத்தேழரை மில்லி. மற்ற இரண்டில் முப்பத்தாறே முக்கால்.

"குள்ளமா உள்ள ரெண்டும் ஓடித் தேஞ்சது. அதான் வண்டியோடது. ஒசரமா உள்ளதுதான் பந்தயத்துக்கு" என்று மேஸ்திரி சிலேட்டை வைத்துவிட்டார். கேட்ட யாருக்கும் அது சரி என்றுதான் படும்.

எனக்கு அந்தத் துணி மனசில் நின்றது. வண்டியோடதுக்கு அளவாகக் கிழித்த சிவப்புத் துணி ஒன்றில் நீண்டது என்றால், அந்த ஒன்று சுற்றளவில் சின்னது. அது வண்டியோடது இல்லை. அப்படியென்றால் சின்னதுதான் பந்தய ஷாப்ட். மேஸ்திரி சொல்வதற்கு நேர் எதிர். வாயைத் திறக்காவிட்டால் பந்தய ஜோடி இரண்டுமே வண்டியில் ஏறிவிடும். பட்டறையில் கேட்காமல் நான் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்போதுதான் வார்த்தை வந்தது.

"குறுக்க ஒரு தடவ அளக்கட்டுங்களா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "அள."

முட்டையின் கூரை விட்டுவிட்டு, அடிப்பக்கத்து உருண்டையை மட்டும் குறுக்கே அளந்தேன். உயரமான இரண்டில் இருபத்தெட்டரை. குள்ளமானதில் இருபத்தேழு. மேஸ்திரி உயரத்திலிருந்து குறுக்களவைக் கழித்தார். உயரமானது வால்வை ஒன்பது மில்லி தள்ளுகிறது. குள்ளமானது ஒன்பதே முக்கால். "மறுபடி" என்றார். மறுபடியும் அதேதான் வந்தது. மூன்றாம் தடவையும் அளக்கச் சொன்னார்.

யாரோ பழைய ஷாப்ட்டையே அடி இளைக்கும்படி சாணை பிடித்துப் பந்தயத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். கூர் அப்படியே இருக்க, அடி மட்டும் குறைந்ததால் மொத்த உயரம் குள்ளமாகத் தெரிந்தது. ஆனால் தள்ளுவது அதிகம். எஞ்சினிலிருந்து கழற்றியதில் காற்றுத் தண்டு வண்டியோடது. புகைத் தண்டு பந்தயத்தோடது. ஜோடி மாறியிருந்தது.

"ஒனக்கு எப்புடித் தோணிச்சு?" என்று மேஸ்திரி கேட்டார்.

"சும்மா தோணிச்சுங்க" என்றேன்.

முசே அங்கேதான் நின்றிருந்தார். நான் கண்ணை மூடியதைப் பார்த்திருக்கிறார். புது வால்வு போட்டு, சரியான ஜோடியை மாட்டி, வண்டி நன்றாக ஓடிய பிறகு ஊரெல்லாம் சொன்னார். மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது தெரியாத பெண்கள் நின்று என்னைப் பார்த்தார்கள். லாரிக்காரர்கள், "அந்தம்மாவ ஒரு தடவ தொட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று சாமான் கொண்டுவந்தார்கள். எனக்கு அது இனித்தது. அதை மறைக்கக் கூடாது. முப்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக என்னைப் பற்றி யாரோ நல்லதாகப் பேசினார்கள்.

காதர் பாயை மேஸ்திரி எஞ்சின் பக்கம் விடவில்லை. சக்கரம் கழற்றுவது, கிரீஸ் அடிப்பது என்று போட்டார். தீபாவளி வந்தது, போனது. கடிதம் தரவில்லை. பதினோரு நாள் நான் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காதர் பாய் தன் ஸ்பேனர் பெட்டியைத் தொட்டிப் பக்கத்தில் வைத்து, "கழுவிக் குடுங்க மேரிக்கா. கிரீஸ் அடிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். பெட்டியின் அடியில் ஒரு சின்னச் சுருள். பிரித்தால், இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை. நான்கும் பிளேடால் அறுத்தவை. ஒன்றிலும் முடிச்சு அவிழவில்லை. ஒரு சிவப்பின் நுனி கத்தரியால் நேராக வெட்டியிருந்தது.

அவிழ்த்துக் கலந்தவர் துணியை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அவர் கலக்கவில்லை. நான் கட்டியதை நம்பி மாட்டியிருக்கிறார். வண்டி இடித்து வந்ததும் விஷயம் புரிந்து, சாமான் அறைக்குப் போய் வெள்ளைத் துணிகளையும் அறுத்து ஒளித்துவிட்டு வந்து, தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் துணிகளை எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன். கை மண்ணெண்ணெயில் நனைந்திருந்தது. மேசைமேல் வைத்தேன்.

"கட்டுனது நான்தாங்க. மாத்திக் கட்டிட்டேன். பாய் எதையும் கலக்கல."

அவர் முடிச்சைப் பார்த்தார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். "எதப் பாத்துக் கட்டுன?"

"எடத்தப் பாத்துங்க. பூசையில வலக்கைப் பக்கம் வச்சது வண்டியோடது. அங்கேருந்துதான் எடுத்தேன்."

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"தாம்பாளம் வைக்க எடம் பத்தல. நடுவுல கெடந்த ரெண்டையும் நான்தான் தூக்குனேன். தாம்பாளத்த வச்சிட்டுப் பக்கத்துக்கு ஒண்ணா வச்சேன். எது எந்தப் பக்கம் கெடந்துச்சுன்னு பாக்கல."

பிறகு சிலேட்டை எடுத்து, அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, ஈரத்துணியால் துடைத்தார். அன்று மத்தியானமே டைப் அடிக்கும் இடத்துக்கு அவரே நடந்து போய்க் கடிதம் வாங்கிக் கையெழுத்துப் போட்டு, "நீயே கொண்டுபோய்க் குடு" என்று என்னிடம் தந்தார்.

காதர் பாயின் வீட்டுக்கு நான் அதற்கு முன் போனதில்லை. அவர் மனைவி உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்தார். காதர் பாய் கடிதத்தைப் படித்தார். மடித்தார். "ஆள் எடுத்து முடிச்சிட்டாங்க மேரிக்கா. முந்தாநாளு. எங்க தெருவுலேயே ரெண்டு பேரு போறாங்க" என்றார்.

நான் அழுதேன். "ஏன் பாய் சொல்லல?" என்றேன்.

"எனக்கு இங்க இல்லாட்டி எங்கயாச்சும் வேலை கெடைக்கும். ஒங்கள இந்தப் பட்டறைய விட்டா எவன் ஸ்டூல் போட்டு ஒக்கார வைப்பான்? அளக்காம மாட்டுனதும் நான்தானே." பிறகு, "மதாம் அழக் கூடாது" என்றார். அவர் மனைவிக்கு என்ன கேலி என்று புரியவில்லை.

அடுத்த வாய்ப்பு வர ஒரு வருடம் ஆனது. அது மெக்கானிக் வேலை இல்லை. துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. வீட்டுச் சுமை தாங்காமல் ஒத்துக்கொண்டார். போகும்போது ஸ்பேனர் பெட்டியைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுவந்து என் தொட்டிப் பக்கத்தில் வைத்தார். "அங்க இதுக்கு வேலை இல்ல. இங்க கெடக்கட்டும்" என்றார். எண்பதுகள் முழுக்க அவர் அங்கே சுமந்தார். லீவில் வரும்போதெல்லாம் பட்டறைக்கு வருவார். "மேரிக்கா, முடிச்சு அவுந்துச்சா?" என்று கேட்பார். பெட்டியைத் திறந்து பார்ப்பார். கையில் ஒன்றை எடுத்து எடை பார்ப்பது போல வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைப்பார். தோள் ஒரு பக்கம் சரிந்துவிட்டது அவருக்கு.

நான் ஒரு மூன்று நாள் முன்னால் பேசியிருந்தாலும் போதும். கடிதம் ஏஜெண்டிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

காதர் பாய் போன பிறகு வந்த ஆயுத பூசைக்கு, எல்லாவற்றையும் கழுவி வைத்துவிட்டு வழக்கம் போலக் கிளம்பினேன். "மேரி, எங்க போற? சிலேட்ட எடு" என்றார் மேஸ்திரி. எந்தச் சாமான், யாருடைய வண்டியோடது, எந்த இடத்தில் இருக்கிறது என்று வரிசையாக எழுதச் சொன்னார். எழுதினேன். தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது. அவர் சம்சாரம், "நல்ல நேரம் போவுதுங்க" என்றார்.

"மேரி எழுதி முடிக்கட்டும்."

சுண்டல் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்றார்கள். கடைசி வரிசையில் காதர் பாயின் ஸ்பேனர்களை வைத்திருந்தேன். ஆள் இல்லாவிட்டாலும் கழுவித்தான் வைத்தேன். கடைசி வரியாக, "காதர் பாய் ஸ்பேனர், பதினான்கு" என்று எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். மேஸ்திரி அதைப் படித்தார். அதன் பிறகுதான் கற்பூரம் ஏற்றினார்.

நான் வேலையை விடும் வரை ஒவ்வொரு வருடமும் அந்த வரியை எழுதினேன். சிவப்போ வெள்ளையோ, அந்தப் பதினான்கு ஸ்பேனருக்கு மட்டும் நான் துணி கட்டியதில்லை.